பழவேற்காட்டுப் பனி, 48-க்கு 24 அங்குலம்

இந்தப் படம் விற்பனைக்கு. அகலம் 48 அங்குலம், உயரம் 24. கேன்வாஸில் அக்ரிலிக். மார்கழிக் காலையில் பழவேற்காடு ஏரி, கிழக்கே பார்த்து வரைந்தது. விலையைக் கீழே சொல்கிறேன். படத்தின் போட்டோவை மட்டும் போடவில்லை. ஏன் போடவில்லை, வேண்டுமென்றால் நேரில் வந்து பாருங்கள் என்று ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் விவரமாக எழுதப்போகிறேன்.

படத்தில் என்ன இருக்கிறது? கணக்கெடுத்தால் மிகக் கொஞ்சம். முக்கால் பங்கு வானம், கீழே தண்ணீர், இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாத ஓர் இடம். வலை கட்டுவதற்காக ஊன்றிய கழிகள் ஒரு வரிசை, கிட்டத்தில் கொஞ்சம் கறுத்தும் போகப் போகக் கரைந்தும் நிற்கின்றன. ஒரு படகு, அதில் நின்றபடி கழியூன்றும் ஓர் ஆள். தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, "பழவேற்காடுன்னா பூநாரை இருக்கணுமேடி, ரெண்டு வரைஞ்சு விடேன், சட்டுனு வித்துடும்" என்றாள். அவள் சொன்னது வியாபாரத்துக்குச் சரிதான். ஆனால் அந்த ஏரியில் பூநாரையின் ரோஜா நிறம் ஒரு விரல்கடை விழுந்தாலும் கண் நேரே அங்கேதான் போய் உட்காரும். பிறகு மற்ற எதையும் பார்க்காது. இந்தப் படத்தில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன வித்தியாசங்கள். ஒரு சாம்பலுக்கும் அதன் பக்கத்துச் சாம்பலுக்கும் உள்ள அரைப்படி வித்தியாசம். அதைக் கண் பொறுமையாகத் தேடிப் போக வேண்டும்.

இடத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம் பக்கம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம் ஊருக்குள் இருக்கிறது, அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. ஓவியம் படிக்கும் பிள்ளைகள் முதலில் அந்தக் கல்லறைச் சிற்பங்களைத்தான் வரையப் போவார்கள். என்னை இழுத்தது தண்ணீர். ஏரி ஆழமில்லாதது, சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். காற்று விழுந்த காலையில் அதில் அலையே இராது. மேலே பனி, கீழே அந்தப் பனியின் நிழல். மலை இல்லை, மரம் இல்லை, தூரத்தைக் காட்ட எந்தப் பிடிமானமும் இல்லை. காற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஓவியத்தில் தூரத்தைக் காட்ட முடியுமா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்தத் துறையில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று மீனவ ஊர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஒவ்வொரு கழிக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் முறை இருக்கிறது. படத்தின் அமைப்புக்கு இடப்பக்கம் மூன்றாவது கழியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் நன்றாயிருக்கும் என்று கை பரபரத்தது. தள்ளவில்லை. அது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கிறது.

படகில் கூட்டிப்போன அண்ணன் பொழுது விடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "வெயில் ஏறட்டும்மா, அப்புறம் எல்லாம் பளிச்சுனு தெரியும்" என்றார். "தெரியாம இருக்கும்போதே பாத்துக்கணும்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கழியை ஊன்றிப் படகை அங்கேயே நிறுத்திக்கொண்டார். படத்தில் நிற்பது அவர்தான். முகம் தெரியாது.

தூரத்தில் இருப்பது நீலமாகும் என்பது ஓவியப் பள்ளியில் எல்லாருக்கும் சொல்லித்தரும் விதி. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலேயே இருப்பது. கொடைக்கானல் மலையடுக்குகளுக்கு இது பொருந்தும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகவும் சிறியவை. அவை சிவப்பைவிட நீலத்தைப் பல மடங்கு கூடுதலாகச் சிதறடிக்கும். நமக்கும் மலைக்கும் நடுவே சேர்வது அந்த நீலம். பனித்துளி வேறு கணக்கு. அது ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். அதனால் பனிக்குள் தூரம் போகும் பொருள் நீலமாவதில்லை. அந்த நேரத்து வெளிச்சத்துக்கு என்ன நிறமோ அந்த நிறமாகிறது.

இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் வருகிறது. வரும் வழியிலேயே நீலத்தை இழந்துவிடுகிறது. ஆகவே சூரியன் இருக்கும் பக்கத்துப் பனியில் சந்தனச் சாயல். விலக விலக, மேலே உள்ள வானத்தின் ஒளிதான் பனியில் விழுகிறது. அந்தப் பக்கத்துச் சாம்பல் குளிர்ந்தது, ஈயத்தை ஒத்தது. சூரியனை நான் வரையவே இல்லை. ஆனால் படத்தின் முன்னே ஐந்து நிமிடம் நின்றால், நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம், படகுக்கு மேலே, அது எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். வெதுவெதுப்பான சாம்பலும் குளிர்ந்த சாம்பலும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தை வைத்துக் கண் அதைக் கண்டுபிடிக்கும்.

வலது ஓரத்தில், தெற்கே, சாம்பலில் ஒரு பழுப்பு கலந்திருக்கும். அந்தத் திசையில் அத்திப்பட்டும் எண்ணூரும், அவற்றின் அனல்மின் நிலையங்களும். குளிர்கால அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடும், அதற்கு மேலே உள்ள காற்று சூடாக இருக்கும், புகை மேலெழும்ப வழியில்லாமல் கீழேயே நிற்கும். போகி அன்று விடியற்காலை வாசலுக்கு வந்து பார்த்த சென்னைக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். அந்தப் பழுப்பைத் துடைத்துவிட்டுச் சுத்தமான பனியாக வரைந்திருக்கலாம். வீட்டுச் சுவருக்கு அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்த காற்றில் அது இருந்தது. அந்த ஏரியோரம் வாழ்கிறவர்கள் மூச்சில் இழுப்பதும் அதைத்தான். விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

ஏன் அக்ரிலிக், ஏன் ஆயில் இல்லை என்று கேட்பீர்கள். பனியை வரைய ஆயில்தான் சுலபம். நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும், ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் நிதானமாகத் தேய்த்துக் கரைக்கலாம். ஆனால் ஆயில் வண்ணத்தில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். காலம் போகப் போக அது மஞ்சளிக்கும். செக்கச் சிவந்த பூவையோ கரும்பச்சைக் காட்டையோ வரைந்த படத்தில் அந்த மஞ்சளை யாரும் கவனிக்கமாட்டார்கள். சாம்பலுக்கும் சாம்பலுக்கும் உள்ள சூடு-குளிர்ச்சியையே நம்பி நிற்கிற படத்தில், ஒரு மெல்லிய மஞ்சள் படலம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். அக்ரிலிக் பிசின் பெருமளவு தெளிவாகவே நிற்கிறது. கூடவே இதையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் கலைஞர்கள் கைக்கு வந்ததே 1950-களின் நடுவில்தான். ஆயில் படங்களுக்கு ஐந்நூறு வருடச் சாட்சி இருக்கிறது, அக்ரிலிக்குக்கு எழுபது வருடம். அந்த எழுபது வருடச் சாட்சி நல்லவிதமாக இருக்கிறது. அதை நம்பித்தான் வரைகிறேன்.

சிரமம் வேறு பக்கம். அக்ரிலிக் சீக்கிரம் உலரும். சென்னையில் இன்னும் சீக்கிரம். வானத்தின் ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு கையில் தண்ணீர் தெளிப்பானும் இன்னொரு கையில் நாலு அங்குல மென்தூரிகையுமாக வேலை பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சிரமம், உலரும்போது நிறம் கறுப்பது. ஈரமாக இருக்கும்போது பிசின் பால்போல் வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அந்த வெளுப்பு போனதும் ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் இறங்கும். வேறு படத்தில் அது பொருட்டே இல்லை. இங்கே மொத்தப் படமும் அந்தக் 'கொஞ்சத்துக்குள்' தான் நடக்கிறது. அதனால் சாம்பல்களை எல்லாம் முன்கூட்டியே கலந்து மூடிபோட்ட டப்பாக்களில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் அட்டையில் தடவிக் காயவிட்டு, காய்ந்த நிறத்தைப் பார்த்து எண் போட்டேன். தூரிகை எடுக்கும்போது பார்ப்பது டப்பாவில் உள்ள நிறத்தை அல்ல, அட்டையில் காய்ந்த நிறத்தை.

கறுப்பு ஒரு சொட்டுக்கூட இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் ஒரு சாம்பல் வரும். அதில் எதைக் கூட்டுகிறோமோ அதற்கேற்பச் சூடாகும், குளிரும். கூடவே மஞ்சள் காவி, ரா அம்பர். வெள்ளையில் மட்டும் இரண்டு வைத்துக்கொண்டேன். டைட்டானியம் வெள்ளை அடியில் இருப்பதை மூடிவிடும். ஜிங்க் வெள்ளை மூடாது, அடியில் இருப்பதைத் தெரியவிட்டு மேலே ஒரு ஆவிபோல் நிற்கும். தூரத்துக் கழிகளை முதலில் தெளிவாகவே வரைந்தேன், அடிவானத்துக் கரையையும்தான். பிறகு ஜிங்க் வெள்ளையை மீடியம் என்னும் நிறமற்ற அக்ரிலிக் பிசின் விட்டு நீர்க்கச் செய்து, ஒரு படலம், காய்ந்தபின் இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று என்று போர்த்திக்கொண்டே போனேன். வெறும் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்தால் பிசின் பிடிப்பு தளர்ந்துபோகும், அதனால் மீடியம். நிஜப் பனியிலும் நடப்பது இதுவே. பொருள் எங்கும் போகவில்லை, நமக்கும் அதற்கும் நடுவே படலங்கள் கூடியிருக்கின்றன.

பனியை வரைந்தவர்களில் இருவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவர் ஜப்பானின் ஹாசெகாவா தோஹாகு, 16-ம் நூற்றாண்டு. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'பைன் மரங்கள்' மடிப்புத் திரைகளில் கறுப்பு மை மட்டும்தான். மரங்களுக்கு நடுவே விட்ட வெறுந்தாள்தான் மூடுபனி. இன்னொருவர் இங்கிலாந்தின் டர்னர். 1845-ஐ ஒட்டி அவர் வரைந்த 'நோரம் கோட்டை, சூரிய உதயம்' இப்போது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டை ஒரு நீலத் திட்டு, ஆற்றோரம் ஒரு மாடு, மற்றதெல்லாம் ஒளி. உயிரோடு இருந்தவரை டர்னர் அதைக் காட்சிக்கே வைக்கவில்லை. அவர் காலத்து வழக்கப்படி அது முடியாத படம். அவர் இறந்தபிறகு, வாரிசு ஏற்பாட்டில் 1856-ல் நாட்டுக்கு வந்து சேர்ந்த குவியலில் அதுவும் ஒன்று. ஒளியையும் காற்றையும் மட்டும் வரைந்த படத்தைச் சந்தையில் வைக்க, அவ்வளவு பேர்பெற்ற மனிதருக்கே காலம் இடம் தரவில்லை. இன்று எனக்கு இடம் இருக்கிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது போட்டோ விஷயம். "வாட்ஸ்அப்பில் ஒண்ணு அனுப்புங்களேன், பாத்துட்டுச் சொல்றோம்" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் போன் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துத் தூக்கிக் காட்டும். மங்கலாக இருப்பதைக் குறையென்று எண்ணித் திருத்தும். என் அடிவானத்துக்கு அது ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறது. சாம்பலில் சூடும் குளிர்ச்சியும் கலந்திருந்தால், வெளிச்சத்தின் சாயலைச் சரிசெய்வதாக நினைத்து இரண்டையும் ஒரே சாம்பலாக்குகிறது. சாதாரணப் பட வடிவத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கும்போது மெல்ல மாறும் வானம் பட்டை பட்டையாக உடைந்து தெரியும். நீங்கள் பார்ப்பது படத்தையல்ல, போன் அதைத் திருத்தி எழுதியதை. திருவிழாக் கூட்டத்தையோ சிவப்புப் புடவையையோ வரைந்திருந்தால் தயங்காமல் போட்டோ அனுப்பியிருப்பேன்.

நேரில் பார்த்து வாங்கியபின் அடுத்த கேள்வி உங்கள் வீட்டு வெளிச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட். அதன் கீழே இந்தப் படம் முழுக்க நீலமாகக் குளிர்ந்துவிடும், சூரியன் காணாமல் போய்விடும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழே நேர் எதிர், குளிர்ந்த பக்கம் செத்துவிடும். நடுவாந்தரமாக 4000 கெல்வின், நிறங்காட்டும் திறன் 90-க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்ட எல்இடி ஒன்று வாங்கி மாட்டுங்கள். விலை சில நூறு ரூபாய்தான். பகலில் வடக்கு ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் விளக்கே வேண்டாம். மேற்கு வெயில் நேரே அடிக்கும் சுவர் மட்டும் வேண்டாம், அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும், தூசி ஒட்டிக்கொள்ளும்.

உயரமும் முக்கியம். ஹாலில் நிலைப்படிக்கு மேலே, முன்னோர் படங்களுக்கு வரிசையாக, கொஞ்சம் சாய்த்து மாட்டுவது நம் வழக்கம். இந்தப் படத்தை அப்படி மாட்டாதீர்கள். நீர்ப்பரப்பின் முன்னே நிற்கும்போது அடிவானம் எப்போதும் பார்ப்பவருடைய கண்மட்டத்திலேயே இருக்கும். ஆகவே படத்தின் அடிவானமும் உங்கள் கண்மட்டத்துக்கு வரட்டும். வழக்கமாக உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்றால் இன்னும் இறக்கி மாட்டுங்கள். தலைக்கு மேலே போனால் ஏரி சுவரில் ஒட்டிய துணியாகிவிடும். எட்டடி தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும்.

மேல்பூச்சாக மேட் வார்னிஷ் அடித்திருக்கிறேன். பளபள வார்னிஷ் நிறத்தை ஆழமாக்கும் என்பது உண்மை, ஆனால் எதிர் ஜன்னல் முழுக்கப் பனிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வார்னிஷுக்கும் படத்துக்கும் நடுவே தெளிந்த அக்ரிலிக் படலம் ஒன்று தனியாகப் பூசியிருக்கிறது. இருபது முப்பது வருடம் கழித்து அழுக்கேறினால், அந்த வேலை அறிந்தவர்கள் வார்னிஷை மட்டும் கரைத்தெடுத்துப் புதிதாக அடிக்கலாம். கண்ணாடி போடத் தேவையில்லை. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது ஈரத்துணி மட்டும் படக் கூடாது, காய்ந்த மெத்தென்ற தூரிகை போதும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்திருக்கிறேன், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடட்டும் என்று. மழைக்காலச் சுவர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காது.

விலை. சதுர அங்குலத்துக்கு நாற்பது ரூபாய் என்பது என் கணக்கு. 48-ஐ 24-ஆல் பெருக்கினால் 1152 சதுர அங்குலம். 46,080 வருகிறது, 46,000 ரூபாய். தேக்குச் சட்டம் இந்த விலைக்குள் அடக்கம். யார் வாங்கினாலும் இதே விலை, சொந்தக்காரர்களுக்கும்தான். பேரம் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், தவணை கொடுக்கலாம். படத்தில் 'ஒன்றுமே இல்லாததால்' குறைக்க முடியுமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணி விலை வைத்தால், கடினமான வேலைக்குக் குறைந்த கூலி என்றாகிவிடும். இந்த வானத்தில் இருக்கும் படலங்களின் உழைப்புக்கு ஒரு சந்தைக் காட்சியே வரைந்திருக்கலாம்.

விலை பேச நம் ஓவியர்கள் பலருக்கும் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சத்தைப் போக்கியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை அமைத்தபோது அரசுப் பணமோ புரவலர் பணமோ நம்பி இறங்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். விற்பதற்கு ஒன்றைச் செய்துகொண்டு, மனசுக்குப் பிடித்ததை விட்டுக்கொடுக்காமல் வரைந்தார்கள். பணிக்கரும் ஆரம்ப வருடங்களில் நிலக்காட்சி நீர்வண்ணங்கள் வரைந்தவர்தான். அந்தத் தலைமுறை விலைச்சீட்டு எழுதியதால் கலை கெட்டுப்போகவில்லை. வாடகை கொடுக்க முடிந்த ஓவியர் அடுத்த படத்தையும் வரைவார்.

வேறு யாரிடம் வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். கேன்வாஸில் அச்சடித்து, மேலே நாலு இழுப்பு இழுத்து, கையால் வரைந்தது என்று விற்பது பரவலாக நடக்கிறது. படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூரிகைத் தடம் படத்தின் உருவங்களோடு சேர்ந்து ஓட வேண்டும். அச்சில் தடம் ஒரு பக்கம் போகும், உருவம் ஒரு பக்கம் நிற்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளிகளும் தெரியும்.

வாங்கினால் படம் உங்களுடையது. பிரதி எடுக்கும் உரிமை, 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை என்னிடமே இருக்கும். காலண்டரில் போடவோ நிறுவனத்து டைரிக்கு அட்டையாக்கவோ நினைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களே பிற்பாடு விற்க விரும்பினால் தாராளமாக விற்கலாம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு பங்கு கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 53ஏ பிரிவு தருகிறது, பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. கையெழுத்திட்ட சான்றிதழில் பயன்படுத்திய வண்ணங்கள், மீடியம், வார்னிஷ் எல்லாவற்றின் பெயரும் எழுதித் தருவேன். பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு அது உதவும்.

பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் நாலரை மணிவாக்கில் வாருங்கள். வெளிச்சம் இறங்க இறங்கப் படகு முதலில் மறையும், கழிகள் அடுத்து. கடைசிவரை நிற்பது படகுக்கு மேலே இருக்கும் அந்த வெதுவெதுப்பான சாம்பல். அதுவரை இருந்து பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று சொல்லுங்கள். வாங்காமல் போனாலும் வருத்தமில்லை.

அனுப்புவது பற்றி. பபிள் ராப்பை நேரே படத்தின்மேல் சுற்றினால் சூட்டில் குமிழ்கள் வானம் முழுக்க வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். அதனால் முதலில் கிளாசின் தாள், அதன்மேல் அட்டை, அதற்கு வெளியேதான் பபிள் ராப். சுருட்டி அனுப்பமாட்டேன். வெளியூருக்கு மரப்பெட்டி, அந்தச் செலவு தனி. சித்திரை வைகாசி வெயிலில் லாரியில் ஏற்றமாட்டேன், ஆடி வரை காத்திருக்க வேண்டும். சென்னைக்குள் என்றால் ஆணியும் மட்டப்பலகையுமாக நானே வந்து உயரம் பார்த்து மாட்டிக் கொடுக்கிறேன்.